எதிர்வீட்டில் கேட்ட பாதி

பழுது பார்க்கப்பட்ட அந்த எலெக்ட்ரிக் கிட்டாரின் சத்தத்தில் பாதி, தெருவைக் கடந்து எதிர்க்கட்டடத்தின் நாலாவது மாடிக்குப் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் கேட்டது மிச்சப் பாதிதான். இது தெரியவருவதற்குள் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. அதுவரை லிஃப்ட் மெக்கானிக் தன் சோல்டரிங்கைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

கிட்டார் அவருடைய மனைவியின் அக்காவுக்குச் சொந்தமானது. அக்காவும் தங்கையும் ஒரு காலத்தில் ஒரே கிட்டாரை மாற்றி மாற்றி மடியில் வைத்து வளர்ந்தவர்கள். வாசிப்பில் அக்கா ஒரு படி மேல் என்பதில் தங்கைக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அக்காவுக்குப் பயணிகள் கப்பல் ஒன்றின் இசைக்குழுவில் வேலை கிடைத்தது. அவள் நடுக்கடலில் இருந்தபோது அம்மா நோயில் படுத்தார். தகவல் கிடைத்து, கப்பல் கரை தொட்டு, கிட்டார் உறையோடு அவள் வாசலில் வந்து நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மாவைத் தனியாகப் பார்த்துக்கொண்ட களைப்பில் தங்கை ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "உனக்கு வாசிக்கத்தான்க்கா தெரியும். கேக்கத் தெரியாது." அக்கா கிட்டாரைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். சில வருடங்கள் கழித்துக் கப்பல் வேலையை விட்டு, மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்து, எதிர்க்கட்டடத்திலேயே வாடகைக்கு வந்தாள். இந்த ஊரில் வேறு வீடே கிடைக்கவில்லையா என்று தங்கை கேட்டாள், அக்காவிடம் அல்ல, கணவரிடம். அதன் பிறகு இருவரும் எதிரெதிர் பால்கனிகளில் துணி உலர்த்தினார்கள். யாரிடம் என்ன புதுத்துணி இருக்கிறது என்பது இருவருக்கும் அத்துப்படி. பேச்சு மட்டும் இல்லை.

பரணில் கிடந்த கிட்டாரை மெக்கானிக் இறக்கியதற்குக் காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஓடாத எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத ஆள் அவர். வளைந்த கழுத்தை நிமிர்த்தினார், துருவைச் சுரண்டினார், உள் வயர்களை மாற்றினார், சாப்பாட்டு மேசையை மாதக்கணக்கில் ஆக்கிரமித்தார். திட்டிக்கொண்டே இருந்த மனைவி, கம்பிகள் ஏறிய அன்று கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கேட்காமலே கிட்டாரை வாங்கி மடியில் வைத்து ஒரு முறை மீட்டினாள். போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் இருந்தது சத்தம். அவர் முகத்தைப் பார்த்து, "பரவாயில்லங்க, நல்லாத்தான் இருக்கு" என்றாள். அப்படி அவள் சொன்னால் நன்றாக இல்லை என்று அர்த்தம்.

மெக்கானிக் கம்பிகளை மாற்றினார். கேபிளை மாற்றினார். நண்பர் ஒருவரின் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிவந்து செருகினார். அதிலும் அதே மந்தம். கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தச் சுருளைத் திருகித் திருகி, கம்பியைத் தொட்டுவிடும் அளவுக்கு உயர்த்தினார். கடைசியில் ரேடியோ ரிப்பேர்காரரைக் கூப்பிட்டார். அவருக்கு ஓம் என்று பட்டப்பெயர். பக்தியால் வந்ததல்ல, கையில் மீட்டரோடு எதைப் பார்த்தாலும் மின்தடை எத்தனை ஓம் என்று அளப்பதால் வந்தது. ஓம் காந்தத்தில் ஆணிகளை ஒட்டவைத்துப் பார்த்தார், தொங்கின. வால்யூம் திருகியை அளந்தார், சரி. டோன் கெபாசிட்டர்தான் கூர்மையை விழுங்குகிறது என்று அதைக் கழற்றியே எறிந்தார். சத்தம் அசையவில்லை. "கரென்ட் கணக்குப்படி இது கணீர்னு கேட்டாகணும்" என்றார் ஓம். "கேக்கலேன்னா கணீர் வேற எங்கியோ போகுதுன்னு அர்த்தம்."

போன இடம், எதிர்க்கட்டடத்து லிஃப்ட் மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட அன்று தெரிந்தது. வேலையை முடித்துக் கையில் கிரீஸோடு நின்ற மெக்கானிக்கை மனைவியின் அக்கா உள்ளே கூப்பிட்டு, சோப்பும் தண்ணீரும் கொடுத்தாள். அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது அலமாரியில் கண்ணாடித் தம்ளர்கள் சிலிர்த்தன. சமையலறை நடுவில், ஆளும் கருவியும் இல்லாமல், மெல்லிய, பளபளப்பான சத்தம் ஒன்று ஓடியது. அது அவர் மனைவி வீட்டில் அந்த நேரத்தில் வாசிக்கும் பாட்டு.

"முள்ளு மட்டும் இங்க வருது மாப்பிள்ளை. சதையெல்லாம் உங்க வீட்டுலயே நின்னுடுது" என்றாள் அவள், குழாயில் தண்ணீர் சரியாக வருவதில்லை என்று சொல்வதுபோல.

அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். மனைவி நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தை முடித்தாள். பிறகு, "கேக்கட்டும். ஓசிதானே" என்றாள். ஜன்னல்களை மூடிப் பார்த்தார்கள், ஓம் கிட்டாரின் வயிறு முழுக்கத் தாமிரத் தகடு ஒட்டிப் பார்த்தார். போவது போய்க்கொண்டுதான் இருந்தது. கூர்மை இல்லாத சத்தத்தில் சுருதி பிசகுவது தங்கைக்குத் தெரியவில்லை. எதிர்ப்பக்கம் அதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. ஒரு சாயங்காலம் அக்கா பால்கனிக்கு வந்து, தெருவில் போன லாரி தாண்டும்வரை காத்திருந்து, "மூணாவது கம்பி ஏறியிருக்கு, இறக்கு" என்றாள். அத்தனை வருடங்களுக்குப் பிறகு வந்த முதல் பேச்சு அதுதான். தங்கை கம்பியை இறக்கினாள். மறுநாள் அதைக் கொஞ்சம் ஏற்றிவைத்துவிட்டே வாசிக்க உட்கார்ந்தாள். இப்படியே பல மாதங்கள் போயின. மனைவியின் காது கெட்டுவிட்டதோ என்று மெக்கானிக் உள்ளூரக் கவலைப்பட்டார், பாவம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், கிட்டார் தானாகவே சரியாகிவிட்டது. மனைவி முதல் கம்பியைத் தொட்டதும் கணீரென்று ஒரு சத்தம் எழுந்து அறையின் மூலைமுடுக்கெல்லாம் போய்வந்தது. மெக்கானிக் குளியலறையிலிருந்து பாதித் தாடி மழித்த முகத்தோடு ஓடிவந்தார். "தாமிரத் தகடு வேலை செஞ்சிடுச்சு, நான்தான் சொன்னேனே" என்றார். மனைவியின் முகம் வெளுத்திருந்தது. இன்னொரு முறை மீட்டிப் பார்த்தாள். முழுசாக, மணி மணியாக, எல்லாமே இங்கேயே கேட்டது.

"அங்க கேக்கறதுக்கு ஆளு இல்லைங்க" என்று சொல்லிவிட்டு, கிட்டாரை நாற்காலியில் போட்டாள். செருப்புகூட மாட்டாமல் இறங்கி, தெருவில் வந்த ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, குறுக்கே ஓடினாள். லிஃப்ட் மேலே எங்கோ இருந்ததால் படியில் ஏறினாள். கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். பின்னால் வந்த மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரால் பூட்டைப் பெயர்த்தார். அக்கா சமையலறைத் தரையில் கால் மடங்கி, நினைவில்லாமல் கிடந்தாள். ஸ்டூலும் பக்கத்தில் கிடந்தது. பரணில் இருந்து எதையோ எடுக்க ஏறியிருக்கிறாள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

நினைவு வந்ததும் அக்கா கட்டிலருகே இருந்தவளைப் பார்த்தாள். "யாருடி சொன்னா உனக்கு?"

"கிட்டாருதான். நீ கேக்கலேன்னு சொல்லுச்சு." தங்கை போர்வையைச் சரிசெய்தாள். "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுக்கா."

"அம்மாவப் பத்தி நீ இன்னும் எனக்கு எதுவும் சொல்லல" என்றாள் அக்கா. தங்கை சொல்ல ஆரம்பித்தாள். நர்ஸ் ஊசி போட வந்து, காத்திருந்து, போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

முழங்காலில் கட்டோடு அக்கா தங்கையின் வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். உள்ளறையில் படுத்திருந்த நாட்களில் கூர்மையெல்லாம் சுவரைத் தாண்டி அவள் தலைமாட்டுக்குப் போனது. நடக்கத் தொடங்கி, வாசிக்கும் அறையில் வந்து உட்கார்ந்ததும், முள்ளும் சதையும் ஒரே இடத்தில் சேர்ந்து சத்தம் முழுசானது. அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் கூடவே கொஞ்சம் போய்வரும். யாரும் அதற்காக வாசிப்பை நிறுத்துவதில்லை.

அடுத்த வருடம் நூலகக் கூடத்தில் வாசிக்கத் தங்கையை அழைத்தார்கள். மேடையில் என்னென்ன வேண்டும் என்று கேட்க வந்த கூடத்து நிர்வாகியிடம், மைக் ஒன்று, நாற்காலி இரண்டு என்றாள். இரண்டாவது யாருக்கு என்று கேட்டதற்கு, அக்கா பக்கத்தில் உட்காராவிட்டால் சத்தம் மந்தமாகிவிடும், பாதி அவள் இருக்கும் இடத்துக்குப் போய்விடும் என்று விளக்கினாள். நிர்வாகி தலையாட்டினார்.

"நாற்காலி கைப்பிடி வெச்சதா, வெக்காததா?"

"வெச்சதா குடுங்க" என்றாள் தங்கை. "அவளுக்கு எந்திரிக்கப் பிடிமானம் வேணும்."