சிரட்டையைத் திருப்பியவள்

எலி அம்மணமாக ஓடினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று பேச்சித்தாய் அடிக்கடி சொல்லுவாள். சொந்தப் புருஷனுடைய துண்டு பக்கத்து வீட்டு ராஜகுமாரியின் கொடியில் அலசிக் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்த அன்றைக்கு, அந்தச் சொலவடை அவள் தொண்டையிலேயே மீன்முள்ளாகக் குத்தியது.

அந்தக் குடியிருப்பில் எதையும் ஒளிக்க முடியாது. வாசுதேவநல்லூருக்கு மேற்கே, தோப்புகளெல்லாம் முடிந்து மலைக்காடு தொடங்குகிற இடத்தில், ராமசுப்பு அண்ணாச்சியின் பட்டா நிலத்தில் ஒன்பது குட்டி வீடுகள். ஒவ்வொன்றும் கல்யாண மண்டபத்தில் பெண்ணை உட்கார வைக்கிற அறை அளவுதான். கீழே அடுப்பும் இரண்டு நாற்காலியும், ஏணி வைத்து ஏறினால் படுக்கப் பரண். சுவரெல்லாம் பலகை. இங்கே தும்மினால் அங்கே ‘நூறு’ என்பார்கள்.

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தத்திலேயே காலத்தைக் கழித்த சங்கரசுப்பு, தறிகளை விற்றுவிட்டு, “இனி எனக்குக் காத்துச் சத்தம் போதும்ட்டி” என்று அவளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டார். கோயம்புத்தூர் மகன் தன் மாடி வீட்டுக்கு எவ்வளவோ கூப்பிட்டான். அவர் அசையவில்லை. பேச்சித்தாய்க்கு முதலில் அழுகையாக வந்தது, பிறகு பழகிவிட்டது. அந்த மனுஷன் கூட இருந்தால் போதும், அவள் பொந்தில்கூடக் குடித்தனம் நடத்துவாள். அவரைத் தவிர அவளுக்கு வேறு சொத்து ஏது?

அந்தச் சொத்தில்தான் இப்போது கை வைக்கிறாள் ராஜகுமாரி. புளியங்குடிக்காரி. புருஷனைப் பிரிந்து வந்தவள். எலுமிச்சை ஊறுகாய் போட்டு ஆன்லைனில் விற்கிறாள். நாற்பது வயதுக்கு நல்ல லட்சணம். அந்த லட்சணம்தான் பேச்சித்தாயின் கண்ணை உறுத்தியது.

துண்டு மட்டும் என்றால் விட்டுத் தள்ளியிருப்பாள். இரண்டு மாதமாகவே சங்கரசுப்பு ஆளே சரியில்லை. காபிக்கு இரண்டு தரம் சீனி போடுகிறார். ‘பேச்சி’ என்று கூப்பிட வாயெடுத்தவர் பாதியில் நின்று முழிக்கிறார். ஏதாவது கேட்டால் திருடனைப்போலத் தலையைக் குனிகிறார். அட பாவி மனுஷா, மனசு இங்கே இருந்தால்தானே வாயில் பேர் வரும்! இவள் மத்தியானம் பரணில் கண்ணயர்ந்து எழுந்தால் மனுஷன் வாசலில் இருப்பதில்லை. கொஞ்ச நேரம் கழித்து வருவார், வேட்டியெல்லாம் ஒட்டுப்புல்லாக.

“எங்க போனிய?”

“சும்மா, இங்கனதான்.”

இங்கன எங்கே ஒட்டுப்புல் இருக்கிறது? வேலிக்கு வெளியேதான் இருக்கிறது.

வேலிக்கு வெளியே போவதற்கு ஒரு வழக்கம் உண்டு. கேட்டுப் பக்கத்துப் பலகையில் ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டை தொங்கும், முதுகில் பேர் எழுதி. பேர் தெரிந்தால் ஆள் உள்ளே. வெளியே போகிறவர் சிரட்டையைத் திருப்பிக் குழி தெரிய விட்டுப் போக வேண்டும். கரடியும் யானையும் நடமாடுகிற இடம் அல்லவா? இருட்டுவதற்குள் ராமசுப்பு அண்ணாச்சி வந்து பலகையைப் பார்ப்பார். குழி தெரிந்தால் எல்லாரும் பந்தம் பிடித்துத் தேடக் கிளம்பிவிடுவார்கள். அதனால் அடுத்தவர் சிரட்டையை யாரும் தொடவே கூடாது. அங்கே இருக்கிற ஒரே சட்டம் அதுதான்.

ஒருநாள் பேச்சித்தாய் தூங்குகிற மாதிரி பாவனை பண்ணிவிட்டு ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். சங்கரசுப்பு கேட்டைத் தாண்டிப் போனார், சிரட்டையைத் தொடவில்லை. பின்னாலேயே ராஜகுமாரி ஓட்டமும் நடையுமாக வந்து, அவர் சிரட்டையைத் திருப்பி, தன்னுடையதையும் திருப்பிவிட்டு மேற்கே போனாள். நேரம் கழித்து இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். உள்ளே நுழைந்ததும் அவர் சிரட்டையை அவளே பழையபடி திருப்பினாள். பேச்சித்தாய் ஓடிப்போய் அவள் கொண்டையைப் பிடித்திருப்பாள். பலகைச் சுவர் வழியாக அடுத்துக் கேட்ட ராஜகுமாரியின் பேச்சு அவளை உட்கார வைத்துவிட்டது.

“மதினிக்குத் தெரியாம நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி. நீங்க பயப்படாதீங்க.”

மதினியாமே மதினி!

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாவல் மரத்தடியில் எல்லாரும் கூடுவார்கள். பேச்சித்தாய் எழுந்தாள். மானம் போகிற விஷயத்தை வாயால் சொல்ல அவள் என்ன கேனச்சியா? சிரட்டையைப் பற்றி மட்டும் பேசினாள்.

“ராமசுப்பு அண்ணாச்சி, அடுத்தவங்க சிரட்டையில ஒருத்தி கை வைக்கா. எங்க வீட்டு ஆளு சிரட்டையை இவ எதுக்குத் திருப்புதா? கேளுங்க.”

“உண்டாம்மா?” என்றார் ராமசுப்பு.

“திருப்புனது உண்டு,” என்றாள் ராஜகுமாரி.

“ஏன்?”

அவள் சங்கரசுப்புவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவர் விரல்கள் வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன.

“அதச் சொல்ல முடியாது அண்ணாச்சி.”

பாத்தீகளா, மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்! பேச்சித்தாய் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். அடுத்த வீட்டு ஹஸ்னா பானு மட்டும், “அவ காரணமில்லாம செய்யமாட்டா, விசாரிச்சுப் பாப்போம்,” என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை. உயிர்ச் சமாச்சாரத்தில் விளையாடுகிறவள் இங்கே இருக்க வேண்டாம் என்று ஆகிவிட்டது. அந்த வாரமே ராஜகுமாரி ஊறுகாய்ப் பரணிகளை வேனில் ஏற்றினாள். போகும்போது பேச்சித்தாயிடம், “மதினி, மத்தியானம் தூங்காதீங்க,” என்றாள். என்ன நெஞ்சழுத்தம்! பேச்சித்தாய் கதவைப் படார் என்று சாத்தினாள். அன்றைக்கு ராத்திரி அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள். சங்கரசுப்பு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அதற்கப்புறம் ஒருநாள் அரிசி, பருப்பு வாங்கப் புளியங்குடிக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினாள் பேச்சித்தாய். பலகையில் சங்கரசுப்பு பேர் பளிச்சென்று தெரிந்தது. ஆள் உள்ளேதான் இருக்கிறார் என்று சந்தோஷமாகப் போனாள். வீடு திறந்து கிடந்தது, ஆள் இல்லை.

பேர் தெரிகிறதே என்று எல்லாரும் வேலிக்குள்ளேயே தேடினார்கள். கக்கூஸ், கிணற்றடி, விறகுக் கொட்டகை. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அவகிட்டதான் போயிட்டாகளோ என்று அப்போதும் பேச்சித்தாயின் பாழாய்ப்போன புத்தி கேட்டது. ஹஸ்னா பானு தன் போனில் ராஜகுமாரியைக் கூப்பிட்டு இவள் கையில் திணித்தாள்.

“ஏட்டி, எங்க வீட்டு ஆளு அங்கன வந்தாகளா?”

“ஐயோ மதினி! மேக்க ஓடையைத் தாண்டுனா இடிஞ்ச செக்போஸ்ட் திண்டு இருக்குல்லா, அங்கனதான் இருப்பாவ. ஓடுங்க. சங்கரன்கோவில் பஸ்சுக்குக் காத்துக்கிட்டு இருப்பாவ.”

“காட்டுல என்னட்டி பஸ்சு?”

“அவுகளுக்கு அது பஸ் ஸ்டாப்பு மதினி. மறதி வந்துட்டா ஆளு அடையாளமே தெரியாது. பஸ் வந்துட்டுன்னு சொன்னாத்தான் எந்திரிச்சு வருவாவ. ஒரு தரம் ஓடைச் சகதியில உழுந்துட்டாவ, நாந்தான் துண்ட அலசிப் போட்டேன். எனக்கு ஏதும் ஆயிப்போச்சுன்னா நீங்கள்லாம் தேடுவியளேன்னுதான் ரெண்டு பேரு சிரட்டையையும் திருப்பிட்டுப் போவேன்.”

“எங்கிட்ட ஏன்ட்டி சொல்லல?”

“தெளிவா இருக்கையில கையெடுத்துக் கும்பிட்டாவ மதினி. பேச்சிக்குத் தெரிஞ்சா மகன்கிட்டக் கொண்டுபோய் விட்டுருவா, அந்த மாடியில என்னை அடச்சுப் போட்டுருவாங்கன்னு அழுதாவ.”

போனைக் கொடுத்துவிட்டுப் பேச்சித்தாய் ஓடினாள். செருப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. பின்னால் ராமசுப்பு விளக்கோடு வந்தார். ஓடையைத் தாண்டியதும், “நீங்க இங்கயே நில்லுங்க அண்ணாச்சி,” என்று அவரை நிறுத்திவிட்டுத் தனியாகப் போனாள்.

சங்கரசுப்பு திண்டில் உட்கார்ந்திருந்தார். துண்டை மடித்து மடியில் வைத்து, பஸ் ஸ்டாண்டில் உட்காருகிற மாதிரி அடக்கமாக. இவளைக் கண்டதும் மரியாதையாக நகர்ந்து இடம் கொடுத்தார்.

“யம்மா, சங்கரன்கோவில் பஸ் போயிட்டா?”

பேச்சித்தாய்க்கு ‘நான் பேச்சிங்க’ என்று கதறத்தான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“வந்துட்டு. கீழ நிக்கி. வாங்க.”

அவர் எழுந்தார். ரெண்டு எட்டு வைத்தவர் நின்று, சங்கடத்தோடு கையைப் பிசைந்தார்.

“தப்பா நெனைக்காதீங்கம்மா. நீங்க கொஞ்சம் பின்னாலயே வாங்க. என் வீட்டுக்காரிக்குச் சந்தேகப் புத்தி. ஒரு பொம்பளையோட வாரதப் பாத்தான்னா அவளுக்குச் சோறு தண்ணி எறங்காது. நல்லவதான், பாவம். எம்மேல உசுரு.”

பேச்சித்தாய் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“சரி அண்ணாச்சி,” என்றாள். “நீங்க முன்னால போங்க.”

அவர் நடந்தார். நாலடி தள்ளி அவள் பின்னால் நடந்தாள்.