ஒரே படத்துக்கு மூன்று ஆங்கிலப் பெயர்கள்

எங்கள் கல்லூரி ஃபிலிம் கிளப்புக்கு ஒரே ஒரு சட்டம்தான்: ஒரு படத்தை ஒரு முறைதான் போடலாம். இதைக் காப்பாற்றுகிறவர் ஆபீஸ் சூப்பிரண்டு நாகேந்திரன் சார். அவருடைய ரெஜிஸ்டரில் 'ஆங்கிலப் பெயர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை மட்டும் பார்ப்பார். பெயர் ஏற்கெனவே இருந்தால் சிவப்பு மை, இல்லையென்றால் ரப்பர் ஸ்டாம்ப். படம் எந்த நாடு, எந்த மொழி, அதில் யாராவது சட்டை போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம்.

ஆகஸ்டில் ஓர் எஸ்டோனியப் படம் போட்டேன். ஆற்றின் இக்கரையில் ஒரு படகுக்காரன், அக்கரையில் ஒரு டீச்சர். ஆறு உறைந்துவிடுகிறது. குளிர்காலம் முழுக்க அவன் படகுக்குத் தார் பூசிக்கொண்டு அக்கரையைப் பார்க்கிறான். உறைந்த ஆற்றில் நடந்தே போகலாமே என்று நமக்குத் தோன்றும். ஐரோப்பியப் படங்களில் யாருக்கும் தோன்றாது.

வந்தவர்கள் பதினொரு பேர். அதில் பாதிப் பேர் ஃபேனுக்காக வந்தவர்கள். ஸ்ரீப்ரியாவும் ஃபேனுக்காகத்தான் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். என் வகுப்புதான். அவள் அப்பா தோதாத்ரி சுவாமிக்குத் திருமலைக் கோயிலில் கைங்கரியம். எங்கள் வீட்டுக்கு விஜயபுரத்தில் வேர்க்கடலைச் சாகுபடி. விளக்குப் போட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை போடுடா யஸ்வந்த்" என்றாள்.

சட்டம் இருக்கிறதே. இணையத்தில் தேடினேன். வெளிநாட்டுப் படம் இங்கிலீஷ்காரர்கள் கைக்குப் போனால் அதற்கு ஒரு பெயர் போதாது என்ற உண்மை அன்றைக்குத்தான் தெரிந்தது. நாங்கள் போட்டது லண்டன் பெயரில்: 'தி ஃபெரிமேன்ஸ் விண்டர்'. அதே படம் அமெரிக்காவில் 'ஒன் லாஸ்ட் கிராசிங் ஃபார் லவ்'. காதல் என்று எழுதியிருந்தால்தான் அங்கே டிக்கெட் எடுப்பார்களாம். அதற்கும் முன்னால், திரைப்பட விழாவில் காட்டியபோது, மூலப் பெயரை வார்த்தைக்கு வார்த்தை மாற்றி 'டெல் மீ வென் தி ஐஸ் கோஸ்' என்று வைத்திருக்கிறார்கள். நாகேந்திரன் சாரின் கட்டத்துக்கு இது மூன்று படம்.

நவம்பரில் அமெரிக்கப் பெயரில் வந்த டிஸ்க்கை வாங்கிப் போட்டேன். படகைப் பார்த்ததும் ப்ரியா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். வேறு ஒருவரும் கவனிக்கவில்லை. கிளப் தலைவன் பாபு, "போன படத்தவிட இது பெட்டரு மச்சி" என்று கைகுலுக்கினான்.

மூன்றாவது பெயரை நான் செலவழிக்கவில்லை. அவளிடம் சொல்ல ஒன்று இருந்தது. அதற்கென்று அதை எடுத்து வைத்திருந்தேன். ஏப்ரலில் அவளுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. வெளிநாட்டுப் படங்களுக்கு ஆங்கிலத்தில் பெயரும் கதைச் சுருக்கமும் எழுதும் கம்பெனி. படம் போட அனுமதி கேட்கும் கிளப் படிவங்களுக்கு அந்த வேலையை அவள் சும்மாவே செய்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ரயில். விழாப் பிரதியை வரவழைத்து, மூன்றாவது பெயரில் சனிக்கிழமை சாயங்காலத்துக்கு நான் படிவம் நீட்டினேன். இந்த முறை சுருக்கத்தை நானே எழுதியதில் அரைப் பக்கம் வந்துவிட்டது. சர்வீஸிலேயே முதல்முறையாக நாகேந்திரன் சார் சுருக்கத்தைப் படித்தார், பழைய படிவங்களையும் புரட்டினார், பாதித் தெலுங்கில் கேட்டார்.

"ஏமய்யா, எல்லா சினிமாலயும் ஒரு படகுக்காரன் வரானே?"

"அந்த ஊர்ல அதான் சார் தொழிலு."

"சரேலே. இவன் அந்தப் பொண்ணுகிட்ட சொல்றானா, லேதா?"

"கடைசி வரைக்கும் சொல்ல மாட்டான் சார்."

"எந்துகு?"

"ஐஸ் சார்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏப்ரல் மாசத்துல ஏது நைனா ஐஸு?" என்று சொல்லி ஸ்டாம்ப் அடித்தார்.

திட்டம் எளியது. படகுக்காரன் அக்கரையைப் பார்த்து நிற்பான், திரை இருளும். நான் விளக்குப் போட எழுந்திருக்காமல் அந்த இருட்டில் சொல்லிவிடுவேன். ப்ரியா வந்தாள். படம் முழுக்க அவள் மடியில் ஃபோன் அதிர்ந்துகொண்டே இருந்தது. படகுக்காரன் கரையில் வந்து நின்றான். நான் வாயைத் திறந்தேன். அவள் எழுந்தாள்.

"அப்பா கேட்டண்ட நின்னுண்டிருக்கார்டா. இதுக்கப்புறம் இருட்டுதானே. வரேன்."

போய்விட்டாள். திரை இருளவில்லை.

விழாவில் காட்டிய பிரதி ஒன்பது நிமிடம் கூடுதல். விநியோகஸ்தர்கள் பிற்பாடு வெட்டியிருக்கிறார்கள். படத்தைப் பற்றிய எல்லாப் பக்கங்களிலும் பெயருக்குப் பக்கத்திலேயே அது போட்டிருந்தது. நானும் நாகேந்திரன் சார் மாதிரி பெயரை மட்டும் பார்த்திருக்கிறேன்.

பனி உடைந்தது. அவன் படகைத் தள்ளினான். அக்கரையில் டீச்சர் ஏறினாள். இருவரும் பேசவில்லை. இக்கரையில் இறங்கியவள் போகாமல் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். அவன் குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவள் மேடேறிப் போனாள்.

வெளியே ஓடினேன். கேட்டில் யாரும் இல்லை. ஃபோன் போட்டேன்.

"ப்ரியா, படம் முடியல. ஓடிக்கினு இருக்கசொல்ல நீ எழுந்து பூட்ட."

"மூணு தரம் முடிஞ்சாச்சேடா."

"இன்னும் ஒம்போது நிமிசம் இருந்துச்சு. அவ வந்தா."

காற்றும் ஸ்கூட்டர் சத்தமும். "வந்து?"

"நின்னுக்கினே இருந்தா. அவன் கயிறு கட்டிக்கினு இருந்தான்."

"அசடு."

"ஆமா."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"அவன் சொல்லல. நான் சொல்லட்டா?"

குரலைத் தணித்துக்கொண்டாள். "இப்போ வேண்டாம்டா. அப்பா பின்னாடி உக்காந்துண்டிருக்கேன்."

ஆனால் அவள் வைக்கவில்லை.

"யாரும்மா ஃபோன்ல?" என்றது தோதாத்ரி சுவாமியின் குரல்.

"யாருமில்லேப்பா."

யாருமில்லாத நான் செமினார் ஹால் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். லீலா மஹால் சர்க்கிளில் பஸ் ஹாரன் கேட்டது. அப்புறம் ஒரு பூக்காரி முழத்துக்கு விலை சொன்னாள். கேட் திறந்தது, வண்டி நின்றது, செருப்பைக் கழற்றினாள். அதற்கப்புறம்தான் லைன் போயிற்று. அவள் வைத்தாளா, தானாகப் போயிற்றா என்று தெரியவில்லை.