வேலுத்தாயின் கால்மிதி

ராக்கப்பனின் கால்களைப் பிடித்தது கால்மிதி இல்லை, நான்தான் என்று வேலுத்தாய் நினைத்துக்கொண்டாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. 2004ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு காலை, தாயில்பட்டிக்குத் தெற்கே இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து அறைக்குள் நுழையப் போன ராக்கப்பனின் இரண்டு பாதங்களையும் வாசலில் கிடந்த தேங்காய் நார்க் கால்மிதி பிடித்துக்கொண்டு விட மறுத்தது. பசை ஏதோ ஒட்டியிருக்கிறது என்று எண்ணி அவர் குனிந்து பார்த்தார். நார்கள் விரலிடுக்குகளில் புகுந்து, கன்றுக்குட்டியைக் கட்டுவது போல முடிச்சுப் போட்டிருந்தன. இழுத்தால் வலிக்கவில்லை, கால் வரவும் இல்லை. உள்ளே மருந்து சலித்துக்கொண்டிருந்தவர்கள் வெளியே வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். போர்மேன் காளீஸ்வரன் ஓடிவந்து, அறை வாசலில் கூட்டம் போடக் கூடாது என்று சத்தம் போட்டு, ஆளையும் கால்மிதியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டுபோய்ப் புளியமரத்தடியில் இறக்கச் சொன்னான். மற்ற அறைகளில் இருந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

“எங்கன போய் எதை மிதிச்சிட்டு வந்தீக, சித்தப்பா?” என்றான் காளீஸ்வரன்.

“அவரு பொண்டாட்டி முடிஞ்சு விட்டிருப்பா. எவ பின்னாடியும் போயிரக் கூடாதுல்ல,” என்றாள் காகிதக் குழாய்களில் மருந்து அடைக்கிற ஒருத்தி.

அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆளில்லாத மருந்து அறை வெடித்தது. அலுமினியப் பொடியில் ஈரம் ஏறிச் சூடு பிடித்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள். பறந்துபோன ஓடுகள் எல்லாம் இறங்கி முடிந்ததும் கால்மிதி ராக்கப்பனின் கால்களை விட்டது. அவர் அதைத் தூசி போக உதறி, மரக்கிளையில் போட்டுவிட்டு, காப்பி குடிக்கப் போனார்.

பட்டாசு அறைக்குள் செருப்பு ஆகாது. வெறுங்காலிலும் மணல் ஆகாது. குதிகாலில் ஒட்டிய ஒரு மணல்துகள் தரையில் சிந்திய மருந்தோடு உரசினால் போதும், பற்றிக்கொள்ளும். அதனால் கால் துடைத்துவிட்டு உள்ளே போவது அந்த ஊர்களில் சாமி கும்பிடுவதற்கு முந்திய வழக்கம். முன்பு சாக்கைத்தான் போட்டிருந்தார்கள். மகளிர் குழுவில் நார்க் கால்மிதி பின்னப் பழக்கிக் கொடுத்தபோது, பழகிய பெண்கள் எல்லாம் மாதக் கடைசிக்குள் பட்டாசு வேலைக்கே திரும்பிப் போனார்கள். வேலுத்தாய் ஒருத்திதான் வத்திராயிருப்புத் தோப்புகளிலிருந்து நார்க்கட்டு இறக்கி, ராட்டையில் கயிறு திரித்து, ஆணியடித்த மரச்சட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துப் பின்னிக்கொண்டு வீட்டோடு இருந்தாள். அவளுக்குக் கெட்டிக்காரி என்று பெயர் வந்தது. உண்மையில் அவளுக்குப் பயம். சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும்போதே அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். ரோட்டில் லாரி டயர் வெடித்தால், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு, இன்றைக்கு யார் யார் எந்தக் கம்பெனிக்குப் போயிருக்கிறார்கள் என்று மனத்துக்குள் முகங்களை வரிசையாக ஓட்டிப் பார்ப்பாள். ராக்கப்பனுடைய கால்மிதியைப் பின்னிய மத்தியானமும் அப்படி ஒரு டயர் வெடித்தது. கயிற்றை இறுக்கியபடியே அவள் ராக்கப்பன் அண்ணனை நினைத்தாள். அவர்தான் பஸ்ஸிலிருந்து நார்க்கட்டை இறக்கி வீடு வரை சுமந்துவந்து போடுகிறவர். அவர் போயிரக் கூடாது என்று நினைத்தாள். அந்த நினைப்பு கயிற்றோடு முடிச்சுக்குள் போனதை அவள் விரல்கள் உணர்ந்தன.

கம்பெனி முதலாளி வெள்ளைத்துரை மறுவாரமே ஆள் அனுப்பி, எல்லா அறை வாசலுக்கும் அவளையே பின்னச் சொன்னார். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் கேரளத்திலிருந்து நல்ல தடித்த கால்மிதியாக வரவழைத்தார்கள். அவை கால் துடைக்க மட்டும் உதவின. வேலுத்தாயின் கால்மிதிகளுக்கு ஒரு வருசப் பிடிமானம் இருந்தது. தீபாவளி கழிந்ததும் விளக்குமாறு தேய்வது போலத் தேய்ந்து சாதாரண நாராகிவிடும், மறுபடி புதிது பின்ன வேண்டும். அடுத்த ஆண்டு பங்குனியில் செல்லத்தாய் என்பவளைப் பிடித்தது. அறையை ஒழித்துப் பார்த்தபோது சல்லடையில் துருப்பிடித்த கம்பி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அதற்கும் அடுத்த ஆண்டு கோடையில் ஒரே நாளில் மூன்று வாசல்களில் பிடித்தது. எல்லோரும் வெளியே நின்றார்கள். வெயில் தாழ்ந்து இடி விழுந்தது, மூன்று அறைகளும் போயின, ஓர் ஆடு செத்தது. யாரும் அதை அதிசயம் என்று பேசவில்லை. பம்புசெட்டில் தண்ணீர் வருகிறதா என்று கேட்பது போல, இன்றைக்கு யாரையும் பிடித்ததா என்று சாயங்காலங்களில் கேட்டுக்கொண்டார்கள்.

வேலுத்தாயின் புருசன் கதிரவன் லோடு ஏற்றுகிறவன், வாரத்தில் பாதி நாள் லாரியோடு போய்விடுவான். அவன் தங்கை வேல்விழி அந்த வீட்டிலேயே வளர்ந்து அதே கம்பெனியில் மருந்து அடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். பாதிக் கயிற்றுக்கு மேல் அவளை நினைத்துத்தான் முறுக்கேறியது. மீதிக் கயிற்றில் மற்ற முகங்களை ஏற்ற வேண்டியிருந்தது. தெரிந்த முகமாக இருந்தால்தான் நினைக்க முடிந்தது, நினைத்தால்தான் பிடித்தது. இதைக் கண்டுகொண்ட பிறகு வேலுத்தாய்க்குத் தூக்கம் குறைந்தது. காலையில் வேலை கிடப்பதை விட்டுவிட்டு பஸ் நிறுத்தத்தில் போய் நின்று, கம்பெனிக்கு இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து வைத்துக்கொண்டாள். மூக்குத்தி, தெற்றுப்பல், தூக்குவாளி என்று அடையாளம் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து கயிறு திரிக்கும்போது ஒவ்வொரு முகத்துக்காகவும் தனித்தனியாகப் பயந்தாள். பயப்படுவது சும்மா வருவதல்ல. அதற்கு அந்த ஆள் செத்துக் கிடப்பதை ஒருமுறை பார்த்தாக வேண்டும். அப்படி எல்லோரையும் அவள் பார்த்தாள். சோறு இறங்கவில்லை.

“நாங்க அம்புட்டுப் பேரும் மருந்துல கெடந்து தெம்பா இருக்கோம். வீட்டுல ஒக்காந்து நார் திரிக்கிறவுக நாராவே ஆயிட்டீகளே, மதினி,” என்று வேல்விழி கேலி செய்வாள்.

“நீ வேற வேலைக்குப் போயேன் புள்ள.”

“எங்கன போவ? வாசல்ல ஒங்க கால்மிதி கெடக்கு. எனக்கென்ன பயம்?”

பயம் என்பது அந்தக் கம்பெனியை விட்டே மெல்லப் போய்க்கொண்டிருந்தது. முன்பெல்லாம் சாயங்காலம் தரையைக் கழுவிவிட்டுத்தான் போவார்கள். பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை கழுவினார்கள், பிறகு கூட்டியதோடு சரி. நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் ஆறு பேர் உட்கார்ந்தார்கள், சீசனில் எட்டு. யாராவது முணுமுணுத்தால், கால்மிதி சும்மாதானே கிடக்கிறது, அதற்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது என்று காளீஸ்வரன் கேட்டான். முதலில் ஒருவரைப் பிடித்தால் அறையையே ஒழிப்பார்கள். ஆர்டர் நெருக்கிய ஓர் ஐப்பசியில், பிடிபட்டவரை மட்டும் மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்களை வேலை பார்க்கச் சொன்னார்கள். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதிலிருந்து, பிடிபட்டவருக்கு நேரம் சரியில்லை என்று சொல்லும் வழக்கம் வந்தது. நேரம் சரியில்லாதவர்கள் இருக்கன்குடிக் கோயிலுக்குப் போய் மாவிளக்கு வைத்துவிட்டு மறுநாள் வேலைக்கு வந்தார்கள். குற்றம் அறையில் இல்லை, ஆளில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது.

2008இல் மல்லாங்கிணறு பக்கம் மழை பொய்த்து, காடு கழனி வேலை இல்லாமல் பெண்கள் வேனில் வந்து இறங்கினார்கள். விடியுமுன் வந்து இருட்டியபின் போன அவர்களை வேலுத்தாய் பார்க்க முடியவில்லை. புரட்டாசியில் ஒரு நாள் கால்மிதி வேல்விழியைப் பிடித்தது. பின்னால் நின்றவர்கள் தள்ளிக்கொண்டு நிற்க, காளீஸ்வரன் வந்து பார்த்தான்.

“ஒனக்கு நேரம் சரியில்ல. மரத்தடிக்குப் போ,” என்றான்.

“ரூமைப் பாருங்கண்ணே.”

“ரூமை நேத்துத்தான் பார்த்தேன். லோடு நிக்குது புள்ள.”

அவன் வேனில் வந்தவர்களில் ஒருத்தியைக் கைகாட்டிக் கூப்பிட்டான். ராக்காயி என்று பெயர், இருபது வயது இருக்கும். வேல்விழி ஓரமாக ஒதுங்க, மீதி இடத்தில் இரண்டு கால்களையும் வைத்து, புது இடத்துக்கு வந்தவர்களின் கவனத்தோடு விரல் விரலாகத் துடைத்தாள். கால்மிதி அவளைப் பிடிக்கவில்லை. காளீஸ்வரன் வேல்விழியைப் பார்த்து, பார்த்தாயா என்பது போலத் தலையை ஆட்டினான். வேல்விழியை மரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கிருந்து அறையின் வாசல் தெரிந்தது. ராக்காயி ஒருமுறை திரும்பி, கால் கட்டப்பட்டு உட்கார்ந்திருக்கும் அவளைப் பார்த்துச் சிரித்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடிக்குமுன் அறை போனது. ராக்காயியோடு உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் வெளியே வரவில்லை. பிறகு கால்மிதி வேல்விழியை விட்டது.

ஊரே ரோட்டில் ஓடியபோது வேலுத்தாயும் ஓடினாள். எதிரே புழுதி அப்பிய முகத்தோடு நடந்துவந்த வேல்விழியைப் பார்த்ததும் நெஞ்சில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றியது போல இருந்தது. அந்தக் குளிர்ச்சியை அவள் அதன்பின் மறக்கவே இல்லை. பக்கத்தில் வேன் டிரைவர், என் வண்டியில் வந்த பிள்ளைகள், என் வண்டியில் வந்த பிள்ளைகள் என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தான். உள்ளே கிடந்த மற்றவர்களும் அவளுக்குத் தெரியாத முகங்கள்தான். அவள் அப்போதும் குளிர்ந்தபடியே நின்றாள்.

காரியம் எல்லாம் முடிந்து பல நாள் கழித்து, தான் நினைத்துப் பின்னிய முகங்களைத்தான் கால்மிதி பிடிக்கிறது என்று அவள் வேல்விழியிடம் சொன்னாள். வேல்விழி சுற்றிக்கொண்டிருந்த ராட்டையைக் கையால் நிறுத்தினாள்.

“அப்ப அந்தப் பிள்ளைய ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்தா?”

“பிடிச்சிருக்கும்.”

வேல்விழி இதைக் காளீஸ்வரனிடம் சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, இனி ஒருத்திக்கும் அப்படி ஆகக் கூடாது என்றுதான் சொன்னாள். கம்பெனியைப் பூட்டியிருந்தார்கள். தை பிறந்ததும் வேறு பெயரில் திறக்க ஏற்பாடானது. புதிய தகரப் பலகையில் பெயர் எழுதிக் காய்வதற்குள், வெள்ளைத்துரையின் காரும் அதன்பின்னால் இரண்டு வேன்களும் வேலுத்தாயின் வீட்டு முன்னால் வந்து நின்றன. வேன்களிலிருந்து பெண்கள் இறங்கி வரிசையாக நின்றார்கள். எல்லோரும் முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தார்கள். வேல்விழியும் போய் அந்த வரிசையில் நின்றாள்.

வெள்ளைத்துரை நல்லவிதமாகத்தான் பேசினார். “எல்லாத்தையும் கேள்விப்பட்டேம்மா. எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா இந்தப் பிள்ளைகளைக் கொண்டாந்து காட்டியிருக்க மாட்டனா? ஒவ்வொரு முகமா நிதானமாப் பாரு. புதுசா ஆள் சேர்ந்தா வாரா வாரம் வேன் இங்க வந்துட்டுத்தான் கம்பெனிக்குப் போகும்.”

“பாருக்கா,” என்றாள் வரிசையில் முதலில் நின்றவள். “எம்பேரு வெள்ளைத்தாய். ரெண்டு பிள்ளைக இருக்கு.”

வேலுத்தாய் தலையைத் தூக்கவில்லை. அவள் மடியில் பிரிக்காத நார் கிடந்தது. பார்த்தால் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். பார்க்காவிட்டால் இவர்களில் ஒருத்தி போகலாம், வேல்விழிகூடப் போகலாம், அதுவும் தெரியும். பார்த்தால் பத்துப் பேர் உட்காருவார்கள், தரை கழுவப்படாது, சல்லடையை யாரும் தொட்டுப் பார்க்க மாட்டார்கள், எல்லோருடைய சாவையும் அவள் ஒருத்தி வீட்டில் உட்கார்ந்து பார்த்து முடித்துவிட வேண்டும். பார்த்து முடிக்காத ஒருத்தி எப்படியும் ஒரு நாள் வேனில் வருவாள்.

“மதினி,” என்றாள் வேல்விழி. “நானும்தான் போகப் போறேன். பாருங்க, மதினி.”

“அந்த ரூம்புக்குள்ள நீங்க ஒரு நாளாவது ஒக்காந்திருக்கீகளா, மொதலாளி?” என்று வேலுத்தாய் நாரைப் பார்த்தபடியே கேட்டாள். குரல் உயரவில்லை.

“அதுக்கு போர்மேன் இருக்கான்.”

“போர்மேன் பயப்பட மாட்டாரு. எம் பயம் வாசல்ல கெடக்குன்னு அவரு விட்டுட்டாரு. நீங்களும் விட்டுட்டீக. இந்தப் பிள்ளைகளும் விட்டுருச்சுக.”

“அதுக்குத்தாம்மா கேக்கோம். இத்தனை பேரும் ஒன்னைய நம்பி நிக்காக. அவுகளுக்கு என்ன சொல்லுத?”

வேலுத்தாய் மடியிலிருந்த நாரைச் சுருட்டிக் கட்டி, சாக்குக்குள் வைத்தாள்.

“இனிமே நீங்க பயப்படுங்க, மொதலாளி,” என்றாள், கடையில் ஒரு சாமான் தீர்ந்துபோனதைச் சொல்லுகிறவளைப் போல. “நான் பின்ன மாட்டேன்.”