ஆறுபுள்ளிக்கு ஓர் இடம்

பெருங்குடியில் ஆபீஸ் முடிந்து பறக்கும் ரயிலில் வந்துகொண்டிருந்தபோதுதான் ரூபீனா அந்த மெயிலைப் பார்த்தாள். ஈரானின் ஷிராஸ் நகரிலிருந்து தூபா எழுதியிருந்தார். அங்கே பார்வையற்ற குழந்தைகளுக்குப் பாடம் எடுப்பவர்.

"நம் நிரல் இருக்கும் தளத்தில் என் கணக்கை மூடிவிட்டார்கள். எங்கள் நாட்டின் மீது அமெரிக்கத் தடை இருக்கிறதாம். ஆறுபுள்ளியில் பாரசீக எழுத்துகளுக்காக நான் செய்த வேலையும் அதற்குள் மாட்டிக்கொண்டுவிட்டது. உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. தெரியப்படுத்தத்தான் எழுதினேன்."

இறங்க வேண்டிய கஸ்தூர்பா நகரைக் கோட்டைவிட்டு, கோட்டூர்புரத்தில் இறங்கி ரூபீனா அடையாறுக்குத் திரும்ப நடந்தாள். வருத்தம் இல்லை என்று அவர் எழுதியதுதான் குத்தியது.

ஆறுபுள்ளி என்பது உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ஒரு பலகை. அதில் ஆறு விசைகள். பிரெயிலில் ஓர் எழுத்தை அழுத்தினால், அந்த எழுத்தைப் பலகை வாய்விட்டுச் சொல்லும். அதற்கான நிரலை ரூபீனா எழுதினாள். மின்சுற்றை வரைந்தவன் அவளோடு படித்த சாய்சரண், தி.நகரில் வீட்டு மாடியறையே அவன் பட்டறை. மூன்றாமவர் கிச்சா. தேனாம்பேட்டையில் ஒரு வங்கியில் அதிகாரி, பிறவியிலேயே பார்வை இல்லாதவர். நிரலும் எழுதுவார், மற்ற இருவரும் செய்த பிழைகளை விரலால் தடவிப் பார்த்தே பிடித்தும் விடுவார். நிரல், வரைபடம் இரண்டையும் யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, செய்துகொள்ளலாம் என்று முதல் வரியிலேயே போட்டிருந்தார்கள். ஆனால் அதையெல்லாம் வைத்திருந்த பெரிய கம்பெனியின் தளம் யாரையெல்லாம் உள்ளே விடும் என்று மூவரும் ஒருநாளும் யோசித்ததில்லை.

சனிக்கிழமை மயிலாப்பூரில் கிச்சாவின் ஃபிளாட்டில் கூடினார்கள்.

"கட்டற்ற மென்பொருள்காரங்க ஒவ்வொரு தளத்துக்கும் அறத்துல மார்க் போட்டு வெச்சிருக்காங்க ரூபீ. நாம இருக்கற இடம் ஃபெயில்" என்றான் சாய்சரண். "நம்ம நிரலையெல்லாம் எடுத்து ஏஐக்குத் தீனி போடறாங்கன்னு நான் அப்பவே கத்தினேன்."

"பாஸோ ஃபெயிலோ, எனக்கு அங்க பழகிடுத்து" என்றார் கிச்சா. "எந்த பட்டன் எங்க இருக்குன்னு தேடாமயே கை போறது. ஒருத்தருக்காக குடியிருக்கற ஆத்தையே மாத்தணுமா?"

"அந்த ஒருத்தர் பின்னாடி ஒரு ஸ்கூலே இருக்கு சார்" என்றாள் ரூபீனா.

"சரி, தேடுங்கோ" என்றார் கிச்சா. நல்ல மார்க் வாங்கிய தளம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். லாப நோக்கம் இல்லாதது. ஐரோப்பாவில் சில தன்னார்வலர்கள் நடத்துவது. எந்த நாட்டுக்காரரையும் தடுக்காது. ரூபீனாவுக்குக் கணக்கு சட்டென்று கிடைத்தது. பிறகு கிச்சா கணினி முன் உட்கார்ந்தார். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் குரல், "படம். காலிப் பெட்டி" என்றது. மறுபடியும், "படம். காலிப் பெட்டி."

"என்ன படம் அது?"

ரூபீனா எட்டிப் பார்த்தாள். நீங்கள் மனிதர்தானா என்று நிரூபிக்க, நெளிந்து வளைந்த எழுத்துகளைப் பார்த்து எழுதச் சொன்னது. காதால் கேட்கும் வழி எதுவும் இல்லை. அவள் படித்துச் சொல்ல, அவர் தட்டினார். தப்பு என்றது. அது 'g' என்ற இங்கிலீஷ் எழுத்தா, ஒன்பதா என்று அவளுக்கே புரியவில்லை. ஒருவழியாக உள்ளே போனால், அடுத்த முறை நுழையும்போதும் அதே படம்.

"ஒவ்வொரு தடவையும் உன்னை ஃபோன்ல கூப்பிடணுமா?" என்றார் கிச்சா. கோபம் இல்லை, நிஜமாகவே கேட்டார். "அறம் அறம்னு சொல்லிண்டிருந்தோமே, அதுல நான் எங்க வரேன்னு புரியலை."

அவளுக்கும் புரியவில்லை. இங்கே இருந்தால் தூபா வெளியே, அங்கே போனால் கிச்சா வெளியே. நம்மூர்த் தளம் ஒன்று கிடைத்தது; அதற்கு இந்திய மொபைல் எண் கட்டாயம். தன் மாடியறையிலேயே ஒரு சின்ன சர்வர் வைக்கலாம் என்றான் சாய்சரண்.

"நீ ஊருக்குப் போறப்ப அது நின்னுட்டா?" என்று கேட்டாள் ரூபீனா.

"அம்மாவை ஆன் பண்ணச் சொல்றேன்."

ரூபீனா அன்றாடம் ரயிலில் ஏதாவது ஒரு தளத்தின் விதிமுறைகளைப் படித்தாள். எல்லாத் தளங்களும் சுதந்திரம் என்றன, எல்லோருக்கும் என்றன. படிக்கப் படிக்க முதலில் தெளிவாக இருந்ததும் கலங்கிப்போனது. கடைசியில் அந்தத் தன்னார்வலர்களுக்கே எழுதினாள். பதில் சுருக்கமாக வந்தது. "நீங்கள் சொல்வது சரி. தானாகவே கணக்குத் தொடங்கும் ரோபோ நிரல்கள் படையெடுத்து வருவதால் அந்தப் படத்தை வைத்தோம். மாற்ற எங்களிடம் ஆள் இல்லை. எங்கள் தளத்தின் நிரலும் கட்டற்றதுதான், யாரும் மாற்றலாம். முடிந்தால் திருத்தி அனுப்புங்கள்."

அவளுக்கு எரிச்சல் வந்தது. கதவைத் திறக்கச் சொன்னால் உளியைக் கையில் கொடுக்கிறார்களே. போனில் கிச்சாவுக்குப் படித்துக் காட்டினாள்.

"அப்படின்னா அந்தப் பூட்டை நானே கழட்டிப் பாக்கலாமா?"

"பார்க்கலாம்னுதான் சொல்றாங்க சார்."

வங்கி முடிந்து வந்ததும் கிச்சா அதில் உட்காரத் தொடங்கினார். படத்துக்குப் பதிலாக உள்ளே நுழைய மெயிலில் ஒரு லிங்க்கை வரவழைக்கும்படி நிரலை மாற்றி அனுப்பினார். பாதுகாப்பு போதாது என்று திருப்பினார்கள். சரிசெய்து அனுப்பினார், மறுபடியும் ஒரு குறை சொன்னார்கள். முகம் தெரியாதவர்களோடு அவர் வாரக்கணக்கில் இங்கிலீஷில் மல்லுக்கட்டுவதை ரூபீனா தளத்தில் படித்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் மதியம் ஆபீஸில் இருந்தபோது போன் வந்தது.

"சேத்துண்டுட்டா" என்றார். அவர் அனுப்பிய திருத்தத்தைத் தளம் ஏற்றுக்கொண்டிருந்தது.

அந்த வாரமே ஆறுபுள்ளி இடம் மாறியது. ரூபீனா தூபாவுக்கு விரிவாக எழுதினாள். நெடுநாள் பதில் இல்லை. வந்த பதிலைப் படித்தபோது சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். என் வேலையின் பிரதி பழைய கணினியில் கிடைத்துவிட்டது. இஸ்தான்புல்லில் இருக்கும் என் தங்கை தன் பெயரில் பழைய தளத்திலேயே கணக்குத் தொடங்கித் தந்தாள். அதில்தான் வேலை செய்துவருகிறேன். எனக்கு உதவும் நண்பர்களும் அந்தத் தளத்தில்தான். பழைய இடத்தை மூடிவிடுவீர்களா?"

யாருக்காகக் கிளம்பினார்களோ அவர் அங்கேயே இருந்தார். கிளம்ப மாட்டேன் என்றவர் இங்கே வேர்விட்டிருந்தார்.

"திரும்பிப் போய்டலாமா?" என்றான் சாய்சரண், அடுத்த சனிக்கிழமை.

"நான் வரலை" என்றார் கிச்சா. "அங்க ஏதாவது சரியில்லைன்னா புகார்தான் கொடுக்க முடியும். இங்க என்னால கை வைக்க முடியறது."

"தூபாவோட ஃப்ரெண்ட்ஸ்லாம் அங்க இருக்காங்களே சார்" என்றாள் ரூபீனா.

"இருக்கட்டும். அவாளை யார் வேண்டாங்கறா?"

ரூபீனா இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தாள். எந்தப் பக்கம் நின்றாலும் மறுபக்கம் நியாயமாகத்தான் பட்டது. "வேலை இங்க நடக்கட்டும். பழைய இடத்துல ஒரு நகல் கிடக்கட்டும். அங்க அவங்க போடறதை நானே எடுத்து இங்க சேர்க்கறேன். இது சரியான்னு என்னைக் கேக்காதீங்க" என்றாள்.

அப்படியே தூபாவுக்கும் எழுதினாள். எழுதும்போதுதான் ஒரு கேள்வி வந்தது. பாரசீக எழுத்துகளைச் செய்தவர் என்று யார் பெயரைப் போடுவது? பழைய தளத்தில் எல்லாம் தங்கையின் பெயரில் இருந்தது.

"உங்கள் இடத்தில் என் பெயர் இருக்கலாமா?" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

இருக்கலாம் என்று ரூபீனா எழுதினாள். பழைய தளத்திலிருந்து ஒவ்வொரு கோப்பாக எடுத்து, தூபாவின் பெயரிலேயே சேர்த்தாள். முடிந்ததும் கிச்சா புது நிரலைப் பலகையில் ஏற்றி விசைகளை அழுத்தினார். பாரசீக எழுத்து ஒன்றை அடித்தொண்டையிலிருந்து ஒலித்தது ஒரு பெண் குரல். மறுபடியும் அழுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இது சரியாத்தான் சொல்றதா?"

"எனக்குத் தெரியாது சார். அவங்களைத்தான் கேக்கணும்."

"கேளு" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த எழுத்தை அழுத்தினார்.