பெயர் வெட்டிய டப்பாக்கள்

நம்பிக்கையின் விலை நூற்றுப் பத்து ரூபாய். ஆலங்காயம் பாத்திரக்கடையில் ஓர் எவர்சில்வர் டப்பாவுக்கு அப்படித்தான் சொன்னார்கள். நாற்பது எடுக்கிறேன் என்றதும் கடைக்காரர் நூறுக்கு இறங்கினார். நான் எழுந்து செருப்பை மாட்டியதும் தொண்ணூறுக்கு வந்தார். படியிறங்கிய பிறகு, மூடியில் பெயர் வெட்டித் தருவது இலவசம் என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார். வாணியம்பாடியில் மண்டிக்காரர்கள் நடுவே பிறந்து வளர்ந்தவன் நான். பிறர் பேரம் பேசுவதைக் கேட்டே எனக்குப் பேச்சு வந்தது என்று அம்மா சொல்வார். இலவசம் என்ற சொல்லுக்கு என் கால் தானாகத் திரும்பிவிடும். படியேறிப் போய், நாற்பது மூடியிலும் ‘தாஹிரா’ என்று என் மனைவியின் பெயரை வெட்டச் சொன்னேன். பெயர் இருந்தால் எவனும் தன்னுடையது என்று சொல்ல மாட்டான் அல்லவா? அந்தச் சாமர்த்தியத்தை எண்ணி, மலையேறும் வரை எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன்.

ஜமுனாமரத்தூரில் எங்களுக்கு மளிகைக்கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. மலைக்காரர்களிடம் புளியும் சாமையும் வாங்கிக் கீழே அனுப்புவேன். கீழேயிருந்து சோப்பு, பிஸ்கட், சிப்ஸ் பாக்கெட் எல்லாம் மேலே வரும். தின்றவர்கள் பாக்கெட்டைத் தெருவில் போடுவார்கள், காற்று அதை எங்கள் பின்பக்க முள்வேலியில் கொண்டுவந்து குத்திவைக்கும். ஒருநாள் காலை தாஹிரா வேலியிலிருந்து அத்தனையையும் பிடுங்கிவந்து, நான் டீ குடிக்கும் இடத்தில் குவித்தாள்.

“இது எல்லாம் நம்ம கடைல போனது. நீங்க வித்தது உங்களத் தேடிகினு வந்திருக்கு.”

“வித்த சரக்க நான் திருப்பி எடுக்கறதில்ல” என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காவிட்டால் விஷயம் முற்றிவிட்டது என்று பொருள்.

அடுத்த வாரமே அடுப்பு பற்றியது. பக்கத்துக் கிராமத்துக் கன்னியம்மாள் சாமையைப் புடைத்துக் கல் பார்த்துக் கொடுப்பாள். தாஹிரா அதை இரும்புச் சட்டியில் வறுப்பாள். வாசனை கடைக்குள் வந்து கல்லாவில் உட்கார்ந்திருக்கும் என்னைத் தொட்டால் பதம் சரி. கரகரப்பாக அரைத்து, வெல்லப்பாகில் கொட்டி, வேர்க்கடலையும் சுக்கும் சேர்த்துச் சூட்டோடு லட்டு பிடிப்பார்கள். கேழ்வரகு முறுக்கும் போட்டார்கள். சிப்ஸ் கேட்டு வந்த பிள்ளைகள் முறுக்கோடு போயின. எல்லாம் சரி, பிளாஸ்டிக் கவரில் மட்டும் போட மாட்டேன் என்று நின்றாள். டப்பாவில் போட்டுக் கொடுப்பதாம். தின்று முடித்ததும் அவர்கள் திருப்பித் தருவார்களாம்.

“டப்பாவுக்கு முன்பணம் வாங்கு” என்றேன்.

“வேணாங்க. பணம் வாங்கினா, ஒங்கள நம்பலன்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி.”

“நம்பறேன்னு சொன்னா டப்பா போய்டும்.”

“போனா போவட்டும். அப்ப நீங்க சொல்ற கவர்லயே போடறேன். ஒட்டற மெஷினும் நீங்களே வாங்கிட்டு வாங்க. நான் அப்புறம் வாயத் தொறக்கல.”

இதைத்தான் எங்கள் ஒப்பந்தம் என்று வைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகுதான் நான் ஆலங்காயம் போய் அந்த நாற்பது டப்பாவை வாங்கிவந்தது.

ஆவணியில் சந்தை கூடும் நாட்களில் டப்பாக்கள் மலை முழுக்கப் பரவின. லட்டு கேட்டு வந்தவர்கள் காசைக் கொடுத்துவிட்டு, டப்பாவைப் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போனார்கள். முதல் வாரம் ஒரு டப்பாவும் திரும்பவில்லை. அவசரமில்லை என்றாள் தாஹிரா. அதற்கடுத்த வாரமும் இல்லை. கடைக்கு வந்தவர்கள் உப்பு வாங்கினார்கள், தீப்பெட்டி வாங்கினார்கள். டப்பா வாங்கிப் போனவர்கள் மட்டும் என் கண்ணைப் பார்க்காமல் எதிர்வரிசையில் நடந்தார்கள். கடன் வைத்தவன் நடக்கிற நடை அது. எனக்குத் தெரியாத நடையா?

கடைசி டப்பாவும் போன பிறகு அடுப்பு அணைந்தது. தாஹிரா இரும்புச் சட்டியைக் கழுவி எண்ணெய் தடவிக் கவிழ்த்துவைத்தாள். வேலிப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். ஜெயித்தவன் நான்தான், ஆனால் வீட்டில் சாப்பாட்டுக்கு ருசி போய்விட்டது. ஆலங்காயத்தில் மெஷின் விற்கிறவனிடம் விலை பேசி, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டேன். அதற்கு முந்தின நாள், மனசு கேட்காமல் பைக்கை எடுத்தேன். நாலு டப்பாவாவது பறித்துக்கொண்டு வந்தால் அவள் முகம் தெளியும் என்று ஒரு கணக்கு.

முதலில் கோபால்சாமி வீடு. பல வருடமாக எனக்குப் புளி போடுகிறவர். சரிவில் சாமைக் கதிர் அப்போதுதான் தலை சாய்க்கத் தொடங்கியிருந்தது. வீட்டுக்குள் சாமி படத்துக்குக் கீழே டப்பா உட்கார்ந்திருந்தது, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று.

“இன்னாண்ணே, டப்பா சௌக்கியமா?”

“வா பாய். அதுக்கு இன்னா கொறச்சல், எம்பொண்டாட்டி தெனம் தொடச்சி வெக்கிறா.”

“அப்ப எடுத்துக் குடுங்க, போய்ட்டு வர்றேன்.”

கட்டியிருக்கும் வேட்டியைக் கேட்டதுபோல அவர் என்னைப் பார்த்தார். “வெறும் டப்பாவா? வெளாடாத பாய்.”

“கடை டப்பாதானேண்ணே.”

“கடை டப்பான்னா கடை பேர் இருக்கும். இதுல பொம்பள பேரு வெட்டிக்கீது. வூட்டு ஏனம். பலகாரம் வந்த ஏனத்த வெறுசா எப்டி அனுப்பறது? இப்ப வூட்ல ஒண்ணுமில்ல. சாமை அறுத்துட்டு ரொப்பி எடுத்தாரேன்.”

நான் வியாபாரி, விடுவேனா?

“ஒரு பிடி உப்பு போட்டுக் குடுங்க, போதும்.”

“உப்பா? நல்ல கதையா கீதே.”

“சரி, கடுகு. நாலு மொளகா.”

“இன்னா பாய், என் மானத்த கூறு போட்டு விக்கிறியா?”

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் மட்டும் வந்தது. “அவருக்கு அவசரமா இருந்தா பாயம்மாவ வரச் சொல்லு. டப்பா அவங்கள்து. இவரு பேரு அதுல எங்க கீது?”

இன்னும் இரண்டு வீட்டில் கேட்டேன். ஒருத்தி துவரை காயட்டும் என்றாள், ஒருவர் தேன் எடுக்க ஆள் சொல்லியிருப்பதாகச் சொன்னார். ஒருவரும் கொடுக்கவில்லை.

திரும்பும் வழியில் ஒரு வளைவில் பைக்கை நிறுத்தி உட்கார்ந்துவிட்டேன். வாணியம்பாடியில் எங்கள் வீட்டிலும் இதே வழக்கம்தான். பக்கத்து வீட்டுக் கிண்ணம் வந்தால், கழுவி, சர்க்கரையாவது போட்டுத்தான் அம்மா திருப்பி அனுப்புவார். சர்க்கரை தீர்ந்த மாதக் கடைசிகளில், அந்தப் பக்கத்து வீட்டம்மா கண்ணில் படாமல் கொல்லை வழியாகக் கடைக்குப் போவார். எதிர்வரிசை நடையைக் கடன்காரன் நடை என்று நினைத்தேனே, அது அம்மாவின் நடை. முன்பணம் வாங்கியிருந்தால் ஒரே வாரத்தில் நாற்பதும் காலியாக வந்திருக்கும். கடைப் பெயரை வெட்டியிருந்தாலும் வந்திருக்கும். இலவசம் என்று பெண்டாட்டி பெயரை வெட்டி, வியாபாரத்தைச் சம்பந்தி வீட்டு விவகாரம் ஆக்கிவிட்டேன்.

வீட்டில் தாஹிராவும் கன்னியம்மாளும் முற்றத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“எத்தினி கெடச்சுது?” தாஹிரா தலை நிமிராமல் கேட்டாள்.

“ஒண்ணுகூட இல்ல.”

அவள் கை அப்படியே நின்றது. அவளை அதற்கு மேல் காக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. “எல்லாம் பத்திரமா இருக்கு. சாமி படத்துக்குக் கீழ வெச்சிருக்காங்க. ரொப்பித்தான் குடுப்பாங்களாம், அறுப்புக்குக் காத்துகினு இருக்காங்க.”

கன்னியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். “எங்க வூட்லயும் ஒண்ணு கீது பாயம்மா. வெறுங்கையோட வர வெக்கமா இருந்துச்சி. அதான் சொல்லல.”

“தினம் என் பக்கத்துல குந்திகினு இருந்துட்டு இத மறச்சியாடி நீ!” என்று தாஹிரா அவள் முதுகில் ஒன்று வைத்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். எழுந்து போய் இரும்புச் சட்டியை நிமிர்த்தினாள். “மெஷின்காரனுக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடுங்க.”

“அறுப்பு வரைக்கும் எதுல போட்டு விப்ப?”

“மந்தார எலை தரேன் நான்” என்றாள் கன்னியம்மாள். இலையில் கட்டினால் நாலு நாளில் எறும்பு வந்துவிடும். எறும்பு வருவதற்குள் லட்டு தீர்ந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

ஐப்பசியில் அறுப்பு முடிந்து கூடிய முதல் சந்தையன்று, காலையிலேயே கடை வாசலில் கூட்டம். நான் எழுந்து வரவேற்றேன், ஒருவரும் என்னைச் சட்டை செய்யவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போனார்கள். கோபால்சாமியின் மனைவி டப்பாவை முந்தானையால் மூடிக் கொண்டுவந்து தாஹிரா கையில் கொடுத்து, “லேட்டாய்டுச்சி, தப்பா நெனைக்காதம்மா” என்றாள். தாஹிரா மூடியைத் திறந்து, புதுச் சாமைக்குள் விரலை விட்டு, முகர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

மாலையில் கடையைச் சாத்திவிட்டுப் போனால், தரை முழுக்க டப்பா. நடுவில் தாஹிரா. “இவங்களுக்கு இன்னா போட்டு அனுப்பறது?” என்றாள். லட்டு விற்ற அன்றே காசு வாங்கியாயிற்று, கணக்கு தீர்ந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் ஏற்கெனவே சுக்கைத் தட்டத் தொடங்கிவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். போனது நாற்பது, வந்தது முப்பத்தெட்டு. அதில் புதுச் சாமை இருபத்தொன்று, துவரை எட்டு, கொள்ளு ஐந்து, தேன் மூன்று, உமிக்குள் நாட்டுக்கோழி முட்டை புதைத்த டப்பா ஒன்று. நிலுவை: மலையிடம் இரண்டு, எங்களிடம் முப்பத்தெட்டு.