நிஜம் சார் கட்டிய வீடு

வீலென்று ஓர் அலறல் படப்பிடிப்புக் கொட்டகையைக் கிழித்துக்கொண்டு எழுந்தது. கவுனின் கீழ்மடிப்பைத் தைத்துக்கொண்டிருந்த டெய்லரக்காவின் விரலில் ஊசி நறுக்கென்று ஏறிவிட்டது. தூக்கிவாரிப்போட்டது அவள் ஒருத்திக்குத்தான். விளக்குப் பிடிக்கிறவன் கொட்டாவி விட்டான். டீ ஊற்றுகிறவன் கை நடுங்காமல் அடுத்த கிளாஸை நிரப்பினான்.

"ஆறு செகண்டுதாம்மா வந்திருக்கு," என்றார் டைரக்டர், ஸ்டாப்வாட்சைப் பார்த்தபடி. "பக்கத்து வீட்டம்மா சாட்சியில எட்டு செகண்டுன்னு சொல்லியிருக்காங்க. நமக்கு நிஜம் முக்கியம். மூச்சை நல்லா இழுத்துக்கிட்டு இன்னொரு தடவை செத்துக் காட்டு, பார்ப்போம்."

"தொண்டை போயிடும் சார்," என்றாள் நடிகை.

"அவங்களுக்கு உசிரே போச்சு. உனக்குத் தொண்டைதானே?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். டைரக்டர் சிரித்தால் சிரிப்பது அங்கே சம்பளத்தில் சேர்ந்த வேலை. வாய்க்கு வாய் நிஜம், நிஜம் என்பதால் அவருக்கு 'நிஜம் சார்' என்றே பெயர் விழுந்திருந்தது. அதைக் கேலி என்று தெரியாமல் பட்டம்போல் சுமந்துகொண்டு திரிந்தார்.

பத்து வருஷத்துக்கு முன்னால் நிஜமாகவே அலறியவள் டெய்லரக்காவின் தங்கை. பட்டப்பகலில் ஒருவன் கதவை உடைத்து உள்ளே புகுந்து அவளைக் கொன்றான். அப்போது அவளுடைய நாலு வயசு மகள் டெய்லரக்காவின் கடையில் துணிக் குவியலின்மேல் தூங்கிக்கொண்டிருந்தாள். அதனால் பிழைத்தாள்.

கேஸ் நடந்தபோது கொலைகாரனின் வக்கீல் ஒரு கதை கட்டினார். "கதவை யாரும் உடைக்கவில்லை, தெரிந்தவன்தான் என்று அந்தப் பெண்ணே திறந்துவிட்டாள்." தெருவுக்கு அது போதாதா? இரண்டு வருஷம் வைத்து மென்றார்கள். தாழ்ப்பாள் ஆணியோடு பெயர்ந்து கிடந்தது என்று நீதிபதி தீர்ப்பில் எழுதிய பிறகுதான் வாய்கள் மூடின. அந்தக் குழந்தைக்கு இப்போது பதினாலு வயசு. பெரியம்மா வீட்டில் வளர்கிறாள். அந்தக் கொலையைக் காட்டும் இந்தப் படம் வந்தால் அவள் வகுப்பு முழுக்கப் பார்க்கும்.

ஆகவே படக்காரர்கள் சம்மதக் கடிதத்தை நீட்டியபோது டெய்லரக்கா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "கதவு சீனை என் கண்ணால பார்த்துட்டுத்தான் கையெழுத்து." தங்கை கடைசியாகப் போட்டிருந்த நீலக் கவுன் அவள் தைத்தது. அதே மாதிரி ஆறு கவுன் வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு டேக்குக்கும் ஒன்றில் சிவப்புச் சாயம் ஊற்றுவார்களாம். பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தாள். தைக்கிறவளை உள்ளே விடாமல் இருக்க முடியாதல்லவா?

ஆர்ட் டைரக்டர் அவளைப் பெருமையோடு செட்டைச் சுற்றிக் காட்டினார்.

"எல்லாம் போலீஸ் போட்டோவைப் பார்த்துச் செஞ்சதுக்கா. சுவத்து விரிசல் கூட ஒரு இன்ச் மாறலை. செருப்பு ரெண்டும் எந்தப் பக்கம் திரும்பியிருந்துச்சோ, அப்படியே. இந்தத் தாழ்ப்பாளுக்கு மட்டும் மூணு மார்க்கெட் அலைஞ்சேன்."

உண்மைதான். வீடு அச்சு அசலாக இருந்தது. செருப்பை இத்தனை மதிப்பவர்கள் செருப்புக்குச் சொந்தக்காரியையும் மதிப்பார்கள் என்று டெய்லரக்கா ஒரு நிமிஷம் நம்பவும் செய்தாள். அந்த நம்பிக்கைக்கு ஆயுசு அவ்வளவுதான்.

ஒத்திகை ஆரம்பித்தது. வெளியே கதவு தட்டும் சத்தம். நடிகை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கண்ணாடி முன் நின்று தலையைச் சரிசெய்தாள். உதட்டோரம் ஒரு சிரிப்போடு தாழ்ப்பாளை நீக்கினாள்.

"நிறுத்துங்க!" டெய்லரக்கா எழுந்துவிட்டாள். "யாரைப் பார்த்து இளிக்கிறா இவ? அவன் உடைச்சுக்கிட்டு வந்தான். தீர்ப்புலயே இருக்கு."

நிஜம் சார் பொறுமையாகப் புன்னகைத்தார். துக்க வீட்டுக்காரர்களைச் சமாளிக்க என்றே வைத்திருந்த புன்னகை அது.

"அக்கா, உங்க வேதனை புரியுது. ஆனா போட்டோ பொய் சொல்லாதுல்ல? இதோ பாருங்க, போலீஸ் எடுத்தது. தாழ்ப்பாள் முழுசா இருக்கு. நாலு ஸ்க்ரூவும் ஜம்முன்னு உக்காந்திருக்கு. உடைஞ்ச கதவா இது?"

டெய்லரக்கா போட்டோவை வாங்கிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்தது, அதுவும் வாய்விட்டு.

"ஏன் சார், பழைய கதவுல தாழ்ப்பாள் மட்டும் பளபளன்னு இருக்கே, உங்க யாருக்குமே உறுத்தலையா? இதைப் போட வச்சதே நான்தான். உடைஞ்ச கதவோட வீட்டைத் திறந்து போட முடியுமா? அவ செத்த மூணாம் நாள் தச்சரைக் கூட்டிட்டு வந்தேன். அவர் முடுக்கினாரு, நான் பக்கத்துல நின்னேன். போலீஸ் ரெண்டாவது தடவை வந்து இந்தப் போட்டோவை எடுத்தது அஞ்சாம் நாள். பின்னாடி திருப்புங்க, தேதி இருக்கும்."

ஆர்ட் டைரக்டர் திருப்பினார். தேதி இருந்தது. விரிசலை இன்ச் இன்ச்சாக அளந்த மகானுபாவர்கள் அட்டையைத் திருப்பிப் பார்க்க மறந்திருந்தார்கள். செத்துப்போனவளின் வீட்டை விட்டுவிட்டு, செத்து ஐந்து நாள் ஆன வீட்டைக் கட்டி வைத்திருந்தார்கள்.

ஆர்ட் டைரக்டருக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது. வேலையில் ரோஷமுள்ளவர். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கதவிடம் போனார்.

"அதைக் கீழே வைய்யா," என்றார் நிஜம் சார். "யார் சொன்னா கழட்டச் சொல்லி?"

ஆர்ட் டைரக்டர் அப்படியே நின்றார். டெய்லரக்கா ஒரு கணம் டைரக்டரின் முகத்தையே பார்த்தாள். பிறகு கொடியில் தொங்கிய கவுன்களை ஒவ்வொன்றாக உருவினாள். ஆறையும் மடித்துப் பையில் திணித்தாள். கையெழுத்தில்லாத கடிதத்தை மேஜைமேல் வைத்து, பறந்துவிடாமல் அவருடைய ஸ்டாப்வாட்சையே எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"வேற யாரையாவது தைக்கச் சொல்லிக்குங்க. செத்தவளோட அக்கா யாரும் பக்கத்துல இல்லாம பார்த்துக்குங்க."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். கவுன் போனால் இன்றைய படப்பிடிப்பு போச்சு. கையெழுத்து போனால் படமே கோர்ட்டு வாசலில் நிற்கும். நிஜம் சார் குடுகுடுவென்று பின்னால் ஓடிவந்து வாசலில் அவளை மறித்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, சொந்தத் தம்பிபோலக் குரலைக் குழைத்துச் சொன்னார்:

"அக்கா, உடைச்சதுன்னு எனக்கும் தெரியும், தீர்ப்பை ரெண்டு தடவை படிச்சிருக்கேன், ஆனா உடைஞ்ச கதவைக் காட்டினா ஜனங்க பாவம்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க, திறந்துவிட்ட கதவைத்தான்க்கா ஒரு மாசம் பேசுவாங்க!"