பென்சில் கோடு வரை

என் கணவர் மோரிஸுக்குப் புகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். எந்தப் பெண்டாட்டியும் செய்யாத காரியம். மலாயாவின் கெடா மாநிலத்தை ஜப்பான்காரன் சயாம்காரனிடம் தூக்கிக் கொடுத்த மறுவருஷம், நான் அப்படித்தான் நாவல் வாசித்தேன்.

கடைகளில் காகிதம் என்ற பேச்சே இல்லாத காலம். கோலா கெத்தில் ஊர்ச் சந்தையில் புகையிலை விற்ற அம்மாசி, பழைய புத்தகங்களை எங்கிருந்தோ வாங்கி, தாள் தாளாகப் பிய்த்து, அதில் புகையிலையை மடித்துக் கொடுப்பான். வாங்குகிறவர்கள் அந்தத் தாளையே கிழித்துச் சுருட்டிப் பற்றவைப்பார்கள். ஒரு நாள் கீழே கிடந்த ஒரு தாளை எடுத்துப் பார்த்தேன். ஜமீன்தார் மகள் கிணற்றடியில் நிற்கிறாள், தாள் முடிந்துவிட்டது. அடுத்த தாள் வேண்டுமென்றால் புகையிலை வாங்க வேண்டும். வாங்கினால் யாராவது பிடிக்க வேண்டும். மோரிஸ் மாட்டிக்கொண்டார்.

அவர் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர். மருந்து கொடுக்க ஆள் வேண்டுமே, அதனால் அவரைச் சயாமில் ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போகவில்லை. ரேஷனில் கொஞ்சம் அரிசியும் வந்தது. கூலிக்காரர்களின் லயத்து வீடுகளில் எல்லோரும் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தபோது, நான் சோறு தின்றுவிட்டுக் கதை வாசித்தேன். அந்த ஒரு வருஷத்தில் ஏழெட்டு நாவல்கள். நான் வாசித்து முடித்த தாளை மோரிஸ் சுருட்டிப் புகைத்துவிடுவார்.

"பாத்துலா டிரசரம்மா, ஐயா நெஞ்சு புண்ணாயிடப் போவுது" என்று அம்மாசி சிரிப்பான்.

"நீ பக்கம் மாறாம குடு, போதும்" என்பேன்.

தாள்களின் ஓரத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பென்சிலால் ஒரு சின்னக் கோடு இருக்கும். எந்தக் கிறுக்கன் போட்டானோ என்று எரிச்சலாக வரும்.

கடைசி நாவலில் ஒரு கொலை வழக்கு. ஒன்றுமறியாத பெண் கூண்டில் நிற்கிறாள். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். அங்கே ஒரு பென்சில் கோடு. அதோடு தாள் நின்றுபோனது.

"இம்புட்டுத்தான் வந்துச்சு. அந்தப் பொண்ணு பாதியாப் பிச்சுக் குடுத்துருக்கு" என்றான் அம்மாசி.

"எந்தப் பொண்ணு?"

"பக்கத்துத் தோட்டத்து முருகையா வாத்தியாரு சம்சாரம், குணவதி. வாத்தியார சயாமுக்குப் புடிச்சிட்டுப் போயிட்டானுவல்ல. வீட்டுல இருந்த பொஸ்தகத்த ஒவ்வொண்ணாக் கொண்டாந்து போடுது. கெழங்கு வாங்கணுமே, பாவம்."

இதைக் கேட்டதும் என் மனசு ஒரு நிமிஷமாவது கலங்கியிருக்க வேண்டும். கலங்கவில்லை. அவள் வீடு எது என்றுதான் கேட்டேன்.

மறுநாள் ஒரு பால் டின் நிறைய அரிசி எடுத்துக்கொண்டு போனேன். குணவதி உடுத்தத் துணியில்லாமல் சாக்கைச் சுற்றிக்கொண்டு கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. மிச்சப் புத்தகம் வேண்டும் என்றேன்.

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்கம்மா. பொழுதுசாய அவருதான் வாசிச்சுக் காட்டுவாரு. நிறுத்துன எடத்துல கோடு போட்டு வைப்பாரு. கோடு வரைக்கும் கேட்டாச்சு, அதான் வித்துட்டேன். மிச்சத்த அவரு வந்துதான் வாசிக்கணும்."

நான் டின்னை வாசற்படியில் வைத்தேன். அவள் அரிசியையே பார்த்தாள். பிறகு வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அப்போதுதான் அதைச் சொன்னேன். "சயாமுக்குப் போனவங்க யாரு குணவதி திரும்பி வந்திருக்காங்க? யாருக்காக இத வச்சுக்கிட்டு இருக்க?"

அவள் அழவில்லை. உள்ளே போய்ப் பாதிப் புத்தகத்தைக் கொண்டுவந்து, என் கையில் தராமல் படியில் வைத்தாள். அரிசி டின்னை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். நான் ஏறக்குறைய ஓடியே வந்தேன்.

பொழுது சாய்வதற்குள் வாசித்து முடித்தேன். அந்தப் பெண்ணுக்கு விடுதலை, கல்யாணம், சுபம். அவ்வளவுதான். இதற்கா அந்தப் பேச்சுப் பேசினேன்? திருப்பிப் புரட்டினேன். ஒரு பக்கத்திலும் ஓரத்தில் கோடு இல்லை. வெட்கம் அப்போதுதான் வந்தது.

காலையிலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மேசைமேல் கிடந்த தாள்களை, நான் வாசித்து முடித்தவைதானே என்று மோரிஸ் வழக்கம்போலச் சுருட்ட ஆரம்பித்தார். பார்த்தேன். தடுக்கவில்லை. அது ஒழிந்தால் என் வெட்கமும் ஒழியும் என்று நினைத்துச் சும்மா இருந்தேன்.

ஜப்பான்காரன் தோற்றுப்போன பிறகு, மழைக்காலத்தில் ஒரு நாள், வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். கம்பு ஊன்றிய ஒரு மனிதர். கால் முழுக்கப் புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தது. மோரிஸிடம் மருந்துக்கு வந்தவர் என்று நினைத்தேன். பின்னால் குணவதி. இப்போது சேலை கட்டியிருந்தாள். கையில் பால் டின், நிறைய அரிசி.

"அன்னைக்கு வாங்குன அரிசிம்மா" என்று நீட்டினாள். "பொஸ்தகத்தக் குடுத்துருங்க. அவரு வந்துட்டாரு."

வாத்தியார் கூச்சத்தோடு சிரித்தார். "தீர்ப்பு சொல்ற எடத்துல நிறுத்திப்புட்டேங்க. அங்க கெடந்தப்பக்கூட, முடிவு தெரியாம இவ தவிப்பாளேன்னுதான் நெனப்பு."

அந்தப் பெண்ணுக்கு விடுதலை என்று எனக்குத் தெரியும். குணவதி டின்னை நீட்டியபடியே நின்றாள். உள்ளே மோரிஸ் இருமத் தொடங்கினார். இருமல் நிற்கவே இல்லை.